நந்தா விளக்கும் கணினி நிரலும்

திருகோணமலைத் துறைமுகத்தை உலகம் அறியும். அம்மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வெருகலை அறிந்தோர் சிலரே. மகாவலியின் ஒரு கிளை கடலை நாடிச் செல்லும் வழியில், மட்டக்களப்பு மாவட்ட எல்லையை அண்டி, சித்திரவேலாயுத சுவாமி கோயிலைத் தன் பெருமையாகக் கொண்டு விளங்கும் ஊர் அது. ஈச்சிலம்பற்று உள்ளிட்ட அப்பிரதேசத்தின் அண்மைக்கால வரலாறு அழிவுகளின் வரிசை என்றே சொல்லத்தகும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் ஊருள் புகுந்தது. 2006இல் போர் மக்களைக் குடியோடு பெயர்த்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையால் மகாவலி பெருகி, ஆற்றின் கீழ்ப்புறத் தாழ்நிலங்களை மீண்டும் வெள்ளக்காடாக்கியது.

இத்தகைய ஊருக்கும், அமெரிக்காவிலும் ஜேர்மனியிலும் கணினி நிரல்களின் உரிமம்பற்றி நடக்கும் வழக்குகளுக்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவுதல் இயல்பே. தொடர்பு இரு வகையில் உண்டு. அவ்வழக்குகளில் பேசப்படும் கொள்கையின் துணைகொண்டே, கடல் கொண்ட இந்நாடு உலகுக்கு ஒரு பெருங்கொடை அளித்தது. அதே கொள்கை, இன்று வெருகலில் ஒரு வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இணையப் பெட்டியிலும் ஒரு மாணவன் கையிலுள்ள தொலைபேசியிலும் எழுதாக் கடனாக அன்று, எழுதிவைத்த கடனாகவே நிற்கின்றது. அக்கடனைக் கேட்பார் இல்லாமையே நம் காலத்தின் குறை.

முதலில் கொடையைப் பார்ப்போம். ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. காணாமற்போனோர் யாவர், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எவ்விடத்தில் எதைக் கொடுக்கின்றது என்பவற்றைக் கடதாசிப் பட்டியல்களால் ஒருங்கிணைக்க இயலாதுபோயிற்று. ஓரிடத்தில் உதவி குவிந்தது. வேறோரிடத்தில் ஒன்றும் சேரவில்லை. அவ்வேளையில் நம் நாட்டுக் கணினித்துறையினர் பலர், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பு முன்னிற்க, ஊதியம் கருதாது கூடி, சில வாரங்களுள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்கு இட்ட பெயர் ‘சகன’. நிவாரணம் என்பது அச்சிங்களச் சொல்லின் பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு எனப் பல பகுதிகள் அதில் அமைந்தன.

சகன இலங்கையோடு நின்றுவிடவில்லை. 2005இல் பாகிஸ்தானை உலுக்கிய நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவிலும் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியின் பேரழிவிலும் அது பயன்பட்டது. சமுதாய நன்மைக்கான திட்டங்களுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அளிக்கும் விருது, 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. முந்திய ஆண்டில் அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா என்பதை நோக்கின், பெருமையின் அளவு விளங்கும்.

சகனவை எடுத்தாள விரும்பிய நாடுகள் எவரிடமும் அனுமதி வேண்டி நிற்கவில்லை, விலை பேசவுமில்லை. தத்தம் மொழிக்கும் தேவைக்கும் ஏற்ப அதனை மாற்றிக்கொண்டன. இதற்கு இடமளித்தது ஆக்கியோரின் நல்லெண்ணம் மட்டுமன்று. அம்மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட உரிமமும் ஆகும். நல்லெண்ணம் ஆளோடு போய்விடும். உரிமம் பொருளோடு நிற்கும்.

அவ்வகை உரிமத்தின் வரலாறு சுருக்கமாக இதுவே. அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன், அங்கு வந்த புதிய அச்சுப்பொறி ஒன்றின் குறையைத் திருத்த விரும்பினார். அதனை இயக்கும் நிரலின் மூலவடிவம் அவருக்கு மறுக்கப்பட்டது. மூலநிரல் என்பது மனிதர் படித்து விளங்கிக்கொள்ளத்தக்க வடிவம். பொறிக்குள் ஓடுவதோ, பொறி மட்டுமே அறியும் எண்களின் கோவை. முன்னதைத் தராமல் பின்னதை மட்டும் விற்பவன், பூட்டிய பேழையை விற்றுத் திறவுகோலைத் தன்னிடம் வைத்துக்கொள்பவனை ஒப்பான். இந்நிலையை மாற்ற எண்ணிய ஸ்டோல்மன் 1983இல் தம் இயக்கத்தை அறிவித்து, 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவி, 1989இல் குனூ பொதுமக்கள் உரிமத்தை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வந்தன.

அவ்வுரிமம் நான்கு சுதந்திரங்களை வழங்குகின்றது: நிரலை எந்நோக்குக்கும் இயக்கலாம்; மூலத்தைக் கற்று மாற்றலாம்; பிரதி செய்து பிறருக்கு அளிக்கலாம்; மாற்றிய வடிவத்தையும் அளிக்கலாம். இவற்றோடு ஒரு கடமையையும் விதிக்கின்றது: பிறருக்கு அளிக்கும்போது, நீ பெற்ற அதே சுதந்திரங்களை, மூலநிரலோடு, அவருக்கும் அளித்தல் வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் பிரதி செய்வதைத் தடுக்கப் பிறந்தது. அச்சட்டத்தையே கருவியாகக் கொண்டு, பிரதி செய்வதைத் தடுக்கவொண்ணாதபடி செய்தமையே இவ்வுரிமத்தின் நுட்பம். தமிழில் இதனை அளிப்புரிமை என வழங்குகின்றனர், பொருத்தமான சொல்லே.

இது மேனாட்டார் கண்ட புதுமை எனச் சிலர் கருதலாம். திருகோணமலை மாவட்டத்தில் பெரியகுளத்தை அண்டிய வெல்கம் விகாரை, சோழராட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்றது. அப்பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுக்களும் தானமாகக் கொடுக்கப்பட்டமையை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் கூறுகின்றன. விளக்குக்குப் பசு எதற்கு? சோழர்காலக் கோயில் வழக்கத்தை நோக்கின் விடை தெரியும். ஒரு நந்தா விளக்கை எரிக்க ஒருவர் ஆடுகளையோ பசுக்களையோ கொடுப்பார். தஞ்சைப் பெருங்கோயிலில் விளக்கொன்றுக்கு 96 ஆடு என்பது கணக்கு. இடையர் அவற்றை ஏற்றுப் பால் முதலிய பயனை நுகரலாம். ஆனால் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். மந்தையின் தொகையும் குறையலாகாது. இறந்தவற்றின் இடத்தைக் கன்றும் குட்டியும் நிரப்புமாதலின், சாவா மூவாப் பேராடு என அதனை வழங்கினர்.

கொடுத்தவர் மாண்டாலும், ஏற்ற இடையர் மாண்டாலும், நெய்யளக்கும் கடமை மந்தையோடு கைமாறிச் சென்றது. நுகர்ச்சி இடையருடையது, விளக்கு எல்லாருடையது. கட்டற்ற மென்பொருளின் உரிமமும் இந்நிபந்தமே. நிரலை வைத்துக் கம்பனி பொருளீட்டுவதை உரிமம் தடுக்கவில்லை. பால் கறந்து விற்கட்டும். நெய்யளக்க மறுப்பதே குற்றம்.

இனி அந்நெய் யாருக்கு அளக்கப்படவேண்டும் என்று காண்போம். அன்ட்ரொயிட் தொலைபேசி ஒவ்வொன்றின் உள்ளும் லினக்ஸ் என்னும் கருநிரல் உண்டு. வீட்டு இணையப் பெட்டிகள் பலவற்றினுள்ளும், தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றினுள்ளும் அதுவே ஓடுகின்றது. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய அக்கருநிரல், குனூ உரிமத்தின் இரண்டாம் பதிப்பின்கீழ் வழங்கப்படுவது. ஆகவே அதனை உள்ளடக்கிய பெட்டியை விற்போர், மூலநிரலைப் பெட்டியோடு கொடுத்தல் வேண்டும். அல்லது கேட்பவர் யாராயினும், பிரதி செய்து அனுப்பும் செலவுக்கு மேற்படாத கட்டணத்தில் தருவதாக, மூன்றாண்டுக்குக் குறையாத எழுத்துமூல வாக்குறுதியைக் கொடுத்தல் வேண்டும். பெட்டியோடு வரும் சிறு நூலின் கடைசிப் பக்கங்களிலோ, தொலைபேசியின் சட்டக் குறிப்புகளிலோ அவ்வாக்குறுதி பொடியெழுத்தில் கிடப்பதுண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை.

இவ்வாக்குறுதி நிறைவேறினால் என்ன பயன் என்பதற்கு 2003ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று சான்று. லிங்சிஸ் என்னும் கம்பனி விற்ற இணையப் பெட்டியின் உள்ளே லினக்ஸ் இருப்பதை ஆர்வலர் கண்டு மூலநிரலைக் கேட்டனர். அவ்வாண்டிலேதான் பெருங்கம்பனியாகிய சிஸ்கோ, லிங்சிஸை வாங்கியிருந்தது. வாங்கியவர், விற்றவர், தைவானில் பெட்டியைச் செய்தவர், சில்லு வழங்கியவர் எனக் கேள்வி சங்கிலியின் கண்ணிதோறும் பின்னோக்கிச் சென்றது. இறுதியில் மூலநிரல் வெளிவந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் முயற்சி தொடங்கிற்று. செய்த கம்பனி கைவிட்ட பழம்பெட்டிகளுக்கும் அது இன்றுவரை புத்துயிர் அளித்து வருகின்றது. ஒரு கேள்வியால் பிறந்த பயிர் அது.

எல்லாக் கேள்விக்கும் விடை அவ்வாறு எளிதில் கிடைத்ததில்லை. ஜேர்மனியில் 2004இல் மியூனிக் நீதிமன்றம் இவ்வுரிமத்தை வலியுறுத்தித் தடையுத்தரவு பிறப்பித்தது. அமெரிக்காவில் 2007 முதல் பிசிபொக்ஸ் என்னும் நிரலின் ஆசிரியர்கள் பல கம்பனிகள்மீது வழக்குத் தொடுத்தனர். சிஸ்கோவின்மீது அறக்கட்டளை 2008இல் தொடுத்த வழக்கு, மறு ஆண்டில் இணக்கமாக முடிந்தது. உரிமங்களைக் கண்காணிக்கவென ஓர் அதிகாரியை நியமிக்க அக்கம்பனி உடன்பட்டது.

இவை யாவும் நிரலை எழுதியோர் தரப்பில் தொடுக்கப்பட்ட வழக்குகள். அவ்வழி கரடுமுரடானது. லினக்ஸின் ஆசிரியருள் ஒருவர் விஎம்வெயார் கம்பனிமீது ஹம்பேர்க் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு 2016இல் தள்ளுபடியாயிற்று. 2019இல் மேன்முறையீடும் தோற்றது. ஆயிரக்கணக்கானோர் எழுதிய நிரலில் தம் பங்கு எதுவென அவர் போதிய அளவு நிறுவவில்லை என்பது காரணம். பொதுவாகச் செய்த அறத்துக்குத் தனியொருவர் வாதியாக நிற்பதில் உள்ள இடர்ப்பாடு இது.

ஆதலின் அண்மையில் வேறொரு வழி திறக்கப்பட்டுள்ளது. எழுதியவரன்றி, பெட்டியை வாங்கியவரே கேட்கலாகாதா என்பது அவ்வழி. மென்பொருள் சுதந்திரப் பேணகம் எனத்தக்க அமெரிக்க அமைப்பொன்று, 2021 ஒக்டோபரில் விசியோ என்னும் தொலைக்காட்சிக் கம்பனிமீது கலிபோர்னியா நீதிமன்றத்தில் வழக்கிட்டது. ஆசிரியராக அன்று, பெட்டியை வாங்கிய பாவனையாளராக. உரிமம் என்பது வாங்குவோர் நன்மைக்காகச் செய்யப்பட்ட உடன்படிக்கை, ஆதலின் வாங்கியவர் அதனை வலியுறுத்தலாம் என்பது அதன் வாதம். இது பதிப்புரிமை வழக்கே, கூட்டாட்சி நீதிமன்றுக்கே உரியது எனக் கம்பனி வாதித்தும், 2022இல் வழக்கு மாநில நீதிமன்றுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஜேர்மனியில் ஏவிஎம் கம்பனியின் இணையப் பெட்டியை வாங்கிய ஒருவர், கொடுத்த மூலநிரல் முழுமையன்று, அதனை மீளத் தொகுத்துப் பெட்டியுள் பதிக்கும் கட்டளைகள் இல்லை என 2023இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு நடக்கும்போதே கம்பனி எஞ்சியவற்றையும் கொடுத்துவிட்டது. அச்செய்தி 2025 சனவரியில் வெளிவந்தது. வாங்கிய மனிதன் வெறும் வாடிக்கையாளன் அல்லன், உரிமை உடையவன் என்பது மெல்ல மெல்லத் துலங்கிவருகின்றது.

இலங்கைக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. நம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்கின்றது. ஆகவே எழுதியவர் வழக்கிட இங்கும் இடமுண்டு. அதனினும் கருதத்தக்கது நம் பொதுச் சட்டமாகிய உரோமன்-டச்சுச் சட்டம். இருவர் தம்முள் செய்யும் உடன்படிக்கை மூன்றாமவர் நன்மை கருதியதாயின், அந்நன்மையை ஏற்றுக்கொண்ட மூன்றாமவரே அதனை வலியுறுத்தலாம் என்பது அச்சட்டத்தின் பழைய கொள்கை. உரிமம் ஓர் உடன்படிக்கையா, வெறும் அனுமதியா என்னும் வாதம் உலகில் இன்னும் முடிந்தபாடில்லை என்பது மெய். ஆயினும் கலிபோர்னியாவில் அரும்பாடுபட்டு நாட்டவேண்டிய வாதத்துக்கு நம் சட்டத்தில் ஏற்கெனவே வேர் இருக்கின்றது என்பதை நம் சட்டத்தரணிகள் சிந்தித்தல் நன்று.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். வெருகலில் வயலும் கடலும் நம்பி வாழும் குடும்பத்துக்கு மூலநிரல் எதற்கு? அதைப் படிப்பார் யார்? இவ்வாட்சேபம் கூர்மையானது; ஆயினும் பிழையானது. வைத்திய நூலை நோயாளி படிப்பதில்லை. எனினும் வைத்தியர் எவரும் படிக்கலாகாது என மூடிவைத்தால் துன்புறுபவன் நோயாளியே. மூதூரிலோ திருகோணமலையிலோ உள்ள ஒரு திருத்துநர், ஒரு பல்கலைக்கழக மாணவர், ஓர் ஆசிரியர் படித்தால் போதும். தொலைபேசியைச் செய்த கம்பனி சில ஆண்டுகளின் பின் அதன் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிடுகின்றது. பொறி நன்றாயிருக்க, நிரல் பழுதாகிக் குப்பைக்குப் போகின்றது. செல்வர் புதியது வாங்குவர். வறியவர் பழுதோடு காலந்தள்ளுவர். புயலிலும் வெள்ளத்திலும் செய்தித்தொடர்பு அறுந்து, தொலைவிலிருந்து உதவி வரக் காத்திருந்த ஊர்களுக்கு, பழுதுபார்க்கும் வல்லமை அண்மையில் இருப்பதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

கம்பனிகளின் தரப்பையும் கூறுதல் நீதி. மீறல்களெல்லாம் வஞ்சனையால் விளைவன அல்ல. விற்பவருக்குத் தம் பெட்டியுள் இருப்பது யாதெனத் தெரிவதில்லை. செய்தவர் வேறு நாட்டார். சில்லு கொடுத்தவர் மூலத்தைக் கொடாமலே கொடுத்திருப்பார். இதனைக் கருதியே உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, முதன்முறை தவறியவர் அறிவிப்புக் கிடைத்த 30 நாளுள் திருத்திக்கொண்டால் உரிமை மீளும் என விதித்தது. ஆனால் அறியாமை முதல்நாளுக்கு மட்டுமே சமாதானம் ஆகும். கேட்டபின்னும் கொடாமையை அறியாமை என்பது எவ்வாறு? கொள்வனவு செய்யும்போதே மூலநிரலையும் கேட்டு வாங்கும் கம்பனிக்கு இதில் பெருஞ்செலவு இல்லை.

கம்பனிகளைப் போலவே அரசும் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. இலங்கையின் எண்ணிம அடையாளத் திட்டத்துக்கு இந்தியா நன்கொடை வழங்க 2022 மார்ச்சில் உடன்படிக்கை ஏற்பட்டது. அத்திட்டத்துக்கு அடிப்படையாகத் தெரிந்துகொள்ளப்பட்டது, பெங்களூரில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2018இல் உருவாகத் தொடங்கிய மோசிப் என்னும் மென்பொருள். அது மொசில்லா பொது உரிமத்தின்கீழ் வழங்கப்படுவது. அதுவும் அளிப்புரிமையின் ஒரு மெல்லிய வகையே. ஆனால் இவ்வகை உரிமங்களின் கடமை, நிரலைப் பிறர் கையில் கொடுக்கும்போதே எழுகின்றது. அரசு தன் பொறிகளிலேயே அதனை மாற்றி இயக்கி, குடிமகனுக்குச் சேவையை மட்டும் அளிக்குமாயின், மாற்றங்களைக் காட்டவேண்டும் என உரிமம் கட்டாயப்படுத்தாது. இவ்விடைவெளியை அடைக்கவென்றே அஃபெரோ என்னும் கடுமையான உரிமம் பின்னர் எழுந்தது. ஆகவே ஒரு வெருகல் வாசியின் கைரேகையும் முகமும் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதை அறியும் வழி, உரிமத்தில் முழுதும் இல்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் துணைக்கொள்ள வேண்டும். மூலம் ஏற்கெனவே உலகறியத் திறந்து கிடக்க, மாற்றங்கள் மட்டும் வணிக இரகசியம் என்பது எளிதில் செல்லுபடியாகாது.

அளிப்புரிமையே வேண்டா, கடமை விதிக்காத உரிமமே பரந்து பயன்படும் என்போரும் உளர். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. சகனவின் பிந்திய வடிவமாகிய ஈடன் அத்தகைய தளர்ந்த உரிமத்தின்கீழேயே வெளியிடப்பட்டது. நம் நாட்டில் 2005இல் தோன்றி உலகளவில் வளர்ந்த டபிள்யூஎஸ்ஓ2 கம்பனியும் அப்பாச்சி உரிமத்தையே கையாண்டது. கொடுப்பவர் எவ்வாறும் கொடுக்கலாம். அது அவர் விருப்பம். ஆனால் நெய்யளக்கும் நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட மந்தையை ஏற்றுக்கொண்டவர், நிபந்தனை கடினம் என்று பின்னர் கூறுதல் ஒவ்வாது. வேண்டாவெனின் வேறு நிரலை எழுதிக்கொள்ளலாம். அதற்கு எவரும் தடையில்லை.

செய்யத்தக்கன மூன்று. பாடசாலைகளுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் கணினிப் பொறி வாங்கும் கேள்விப்பத்திரங்களில், உரிமம் வேண்டும் மூலநிரல் முழுமையாக ஒப்படைக்கப்படல் வேண்டும் என ஒரு வரி சேர்த்தல் முதலாவது. பொதுப்பணத்தால் ஆக்கப்படும் நிரல்கள் எவ்வுரிமத்தின்கீழ் உள்ளன என்பதை அமைச்சுகள் தாமே வெளியிடுதல் இரண்டாவது. மூன்றாவது நம்மைச் சார்ந்தது. தம் பெட்டியோடு வந்த வாக்குறுதியைத் தேடிப் படித்து, அதில் குறித்த முகவரிக்கு ஒரு கடிதம் எழுதுவதற்குப் பொறியியற் பட்டம் வேண்டியதில்லை. ஒரு பாடசாலைக் கணினிக் கழகம் ஆண்டுக்கு ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு இதனைச் செய்யுமாயின், விடை வந்தாலும் வராவிட்டாலும் மாணவர் பெரும்பாடம் ஒன்றைக் கற்பர்.

கடல்கோளின் பின் இந்நாடு தன் துயரத்திலிருந்து ஒரு கருவியைச் செய்து, கைம்மாறு கருதாது பிறநாட்டார் துயருக்கு அளித்தது. அவ்வாறு கொடுத்த நாட்டின் மக்கள், தமக்கு எழுத்துமூலம் வாக்களிக்கப்பட்டதைக் கேட்பதற்குக் கூசவேண்டியதில்லை. கோயில் மணியக்காரர் நாள்தோறும் நின்று அளந்து வாங்கியதனாலேயே நந்தா விளக்குகள் நின்றெரிந்தன. கல்லில் வெட்டிய நிபந்தம் தானாக எண்ணெய் வார்த்ததில்லை.